எட்டா, பத்தா? நடுத்தர விலை பைனாகுலர்களை ஒப்பிட்டு வாங்குவது எப்படி

நடுத்தர விலையில் கிடைக்கும் எந்த பைனாகுலரை எடுத்துப் பார்த்தாலும், பார்வையின் நடுவில் இருக்கும் பறவை தெளிவாகத்தான் தெரியும். கடையில் இரண்டு நிமிடம் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்றுதானே, விலை குறைந்ததையே வாங்கிவிடலாம்" என்று புதியவர்கள் முடிவெடுப்பது இதனால்தான். வித்தியாசங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. பார்வையின் ஓரம், வெளுத்த வானத்துக்கு எதிரே நிற்கும் கிளையின் விளிம்பு, ஃபோகஸ் சக்கரம் சுழலும் விதம், மூக்குக்கண்ணாடிக்கும் ஐபீஸுக்கும் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) நடுவே உள்ள சில மில்லிமீட்டர். ஒப்பிட வேண்டியதெல்லாம் அங்கேதான்.

நடுத்தரம் என்று இங்கே சொல்வது, பொம்மைக்கடை ரகத்துக்கு மேலே, ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா போன்றவற்றின் உச்ச வரிசைக்குக் கீழே உள்ளவற்றை. நிக்கான் மோனார்க் எம்5, எம்7, வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி, ஸைஸ் டெர்ரா இடி எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும்.

முதலில் அளவை முடிவு செய்யுங்கள்

8×42 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம். முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். இதற்கு எக்ஸிட் பியூப்பில் என்று பெயர். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×42-க்கு 4.2, 8×32-க்கு 4, சட்டைப்பையில் அடங்கும் 10×25-க்கு 2.5.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும். அதனால் நண்பகலில் 8×32-க்கும் 8×42-க்கும் பிரகாசத்தில் வேறுபாடு தெரியாது. விடியற்காலையிலும் அடர்ந்த மர நிழலிலும் கண்மணி விரியும்போதுதான் பெரிய லென்ஸ் கைகொடுக்கும். இன்னொரு பலனைப் பலரும் கவனிப்பதில்லை. ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் கண்ணைச் சரியான இடத்தில் வைக்கவில்லை என்றாலும் படம் மறையாது. பறவை பறந்துகொண்டிருக்கையில் அவசரமாகத் தூக்கும்போது இது பெரிய சலுகை.

எட்டா பத்தா என்ற கேள்விக்குப் புதியவர்களுக்கான பதில் எட்டு. பத்து மடங்கில் பறவை பெரிதாகும். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். பார்வைப் புலம் குறுகும். புதருக்குள் தாவிக்கொண்டே இருக்கும் கதிர்க்குருவியைப் பத்து மடங்கில் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த புதருக்குப் போயிருக்கும். சேற்றுத் திட்டில் தொலைவில் மேயும் உள்ளான்கள், ஏரி நடுவே மிதக்கும் வாத்துகள், உயரத்தில் வட்டமிடும் பருந்துகள் இவைதான் உங்கள் பிரதானம் என்றால் 10×42 நியாயமான தேர்வு. இரண்டும் கலந்து பார்ப்பவர்கள் எட்டிலேயே நில்லுங்கள்.

எடையைக் காகிதத்தில் பார்த்து எடை போடக் கூடாது. 42 மி.மீ. ரகம் பொதுவாக 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். மோனார்க் எம்5 8×42 630 கிராம், எம்7 670, டெர்ரா இடி 725. கையில் எடுத்த நொடியில் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். கழுத்தில் மூன்று மணி நேரம் தொங்கிய பிறகு அந்த 95 கிராம் பேசும். தோளில் மாட்டும் ஹார்னஸ் வாங்கிவிட்டால் இந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிடும்.

ஜூம் பைனாகுலர் வேண்டாம். அதில் பார்வைப் புலம் குறுகல், இரு குழல்களும் ஒன்றுக்கொன்று நேர்கோட்டில் நிற்பதும் கடினம். உள்ளங்கையில் அடங்கும் உடம்பில் "30×60" என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணே பொய்: ஸ்கேலை முன் லென்ஸில் வைத்துப் பாருங்கள், 60 மி.மீ. இருக்காது. முன் லென்ஸ் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் மின்னினாலும் வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பறவையின் நிறமே மாறித் தெரியும்.

பார்வைப் புலம்: அதிகம் வேறுபடும் இடம்

ஒரே அளவுள்ள இரண்டு பைனாகுலர்களுக்கு இடையே மிகப் பெரிய வித்தியாசம் இங்கேதான் வரும். மோனார்க் எம்5 8×42-இன் பார்வைப் புலம் 6.4 பாகை, 1000 மீட்டர் தொலைவில் 112 மீட்டர் அகலம் தெரியும். எம்7 8×42-க்கு 8.3 பாகை, 145 மீட்டர். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே உருப்பெருக்கம், ஒரே லென்ஸ் விட்டம். ஆனால் 20 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் முதலாவது 2.2 மீட்டர் வட்டத்தைக் காட்டும், இரண்டாவது 2.9 மீட்டர் வட்டத்தை. பரப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். இலைக்கூட்டத்துக்குள் "இங்கேதானே இருந்தது" என்று துழாவும்போது இந்தக் கூடுதல் பரப்புதான் பறவையைக் கண்ணில் காட்டும்.

தகவல் அட்டைகள் இந்த எண்ணை மூன்று விதமாக எழுதுவதால் குழப்பம் வரும். எல்லாவற்றையும் 1000 மீட்டருக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். பாகையில் இருந்தால் 17.5-ஆல் பெருக்குங்கள். 1000 கெஜத்துக்கு இத்தனை அடி என்று இருந்தால் மூன்றால் வகுத்தால் போதும். டயமண்ட்பேக் எச்டி 8×42-க்கு 393 அடி என்று போட்டிருப்பார்கள். அது 131 மீட்டர். டெர்ரா இடி 8×42-க்கு 125 மீட்டர். எட்டு மடங்கில் 125-க்கு மேல் இருந்தால் தாராளம், 115-க்குக் கீழே போனால் குழாய்க்குள் பார்ப்பதுபோல் இருக்கும். பத்து மடங்கில் 105-லிருந்து 115 வரை சாதாரணம்.

"தோற்றப் பார்வைப் புலம்" என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அதைக் கணக்கிட இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. 8.3 பாகையை எட்டால் பெருக்கினால் 66; ஐஎஸ்ஓ தரநிலைச் சூத்திரப்படி போட்டால் 60.3. ஒரு நிறுவனம் ஒன்றையும் இன்னொன்று மற்றதையும் அச்சிட்டால், அகலம் குறைந்தது அகலமானதுபோல் தோன்றும். இந்த எண்ணை விட்டுவிடுங்கள். உண்மையான பார்வைப் புலத்தை மட்டும் பாருங்கள்.

அகலம் கூடினால் ஓரம் மங்குவது இந்த விலையில் இயல்பு. நடுவில் ஒரு பெயர்ப்பலகையை ஃபோகஸ் செய்து, அதை மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எழுத்து எந்த இடத்தில் கலங்கத் தொடங்குகிறது? மையத்திலிருந்து ஓரம் வரையான தூரத்தில் முக்கால் பங்கு வரை தெளிவாக இருந்தால் நல்லது. பாதியிலேயே கலங்கினால் வேண்டாம். கலங்கிய ஓரத்துக்குப் பயந்து குறுகலானதை வாங்குவது தவறு. பறவையை நடுவில் வைத்துத்தான் பார்க்கிறோம். ஓரத்தின் வேலை அசைவைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே, மங்கலான ஓரமும் அதைச் செய்யும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்

முழுப் படமும் தெரிய, ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதே ஐ ரிலீஃப். கண்ணாடி போட்டவர்களுக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும், 17, 18 இருந்தால் நிம்மதி. எம்5 8×42-க்கு 19.5, டெர்ரா இடிக்கு 18, எம்7-க்கு 17.1, டயமண்ட்பேக் எச்டிக்கு 17. அகலத்தில் தோற்ற எம்5 இங்கே முதலிடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பார்வைப் புலத்தை விரித்தால் ஐ ரிலீஃபை நீட்டிவைப்பது கடினம் என்பதால் இந்த விலையில் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடிகிறது.

அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. அது பெரும்பாலும் ஐபீஸ் கண்ணாடியின் பரப்பிலிருந்து அளந்தது. ஐபீஸைச் சுற்றி ஏற்றி இறக்கக்கூடிய வளையமான ஐகப்பை முழுவதும் கீழிறக்கினாலும் அதன் விளிம்பு ஐபீஸ் கண்ணாடிக்கு மேலே சில மி.மீ. நிற்கும், அந்தச் சில மி.மீ. உங்களுக்குக் கிடைக்காது. சோதனை எளிது. ஐகப்பை இறக்கி, மூக்குக்கண்ணாடியோடு பாருங்கள். படத்தைச் சுற்றிக் கூர்மையான கறுப்பு வட்டக்கோடு முழுதாகத் தெரிந்தால் உங்கள் முகத்துக்கு அது பொருந்துகிறது. வட்டக்கோடு தெரியாமல் படம் எங்கோ கரைந்து முடிந்தால், பணம் கொடுத்து வாங்கும் பார்வைப் புலத்தில் ஒரு பகுதி வீண்.

கண்ணாடி போடாதவர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். ஐகப்பை முழுவதும் உயர்த்திய பிறகும் அவரைக்கொட்டை வடிவில் கறுப்பு நிழல் ஓடிக்கொண்டே இருந்தால், கண் ஐபீஸுக்கு அளவுக்கு மீறிப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஐகப்பின் மேல் விளிம்பைப் புருவ எலும்பில் முட்டுக்கொடுத்துப் பாருங்கள். அப்படியும் நிழல் போகாவிட்டால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை.

பிரிஸமும் பூச்சும்

உருவத்தை நிமிர்த்திக்காட்டுவது உள்ளேயிருக்கும் பிரிஸம். குழல்கள் நேராக இருப்பவை ரூஃப் பிரிஸம். முன் லென்ஸ்கள் அகன்று தோள் விரித்தாற்போல் இருப்பவை போரோ, இத்தாலியரான இக்னாஸியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. கொடுத்த பணத்துக்குப் படத் தரம் என்று பார்த்தால் போரோ இன்றும் நல்ல பேரம். ஆனால் அவற்றில் பல மழை தாங்காது, கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது. அதனால்தான் இந்த விலையில் பறவை பார்ப்பவர்கள் கையில் ரூஃப் பிரிஸமே அதிகம்.

ரூஃப் பிரிஸம் ஒளியை இரண்டாகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கிறது. சேரும்போது இரு பாதிகளின் அலைகளும் சற்றே முன்பின்னாகிவிடுவதால் நுண்விவரம் குழையும். இதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை ஸைஸ் 1988-இல் கொண்டுவந்தது. இன்று நடுத்தர விலையில் இது இல்லாத ரூஃப் பிரிஸத்தை வாங்கக் காரணமே இல்லை. அடுத்து, பெரும்பாலான ரூஃப் பிரிஸங்களில் ஒரு பரப்புக்கு, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் பூச்சு தேவைப்படும். அலுமினியப் பூச்சு என்றால் அங்கேயே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். வெள்ளிப் பூச்சு இதைவிட மேல். டைஎலக்ட்ரிக் பூச்சு 99 சதவீதத்துக்கு மேல் திருப்பும். தகவல் அட்டையில் டைஎலக்ட்ரிக் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கண்டிப்பாகப் போட்டிருப்பார்கள், மறைக்க மாட்டார்கள்.

லென்ஸ் பூச்சில் "ஃபுல்லி மல்டி கோட்டட்" (எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு) என்பது மட்டுமே வேண்டியது. பூச்சில்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகள் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். வெறும் "மல்டி கோட்டட்" என்றால் சில பரப்புகளை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இடி கண்ணாடி நிறச்சிதறலைக் குறைக்கும், அது உண்மையான பயன். எச்டி என்ற இரண்டெழுத்துக்கு மட்டும் பொதுவான இலக்கணம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றைச் சொல்லும்.

ஒப்பிடும்போது செய்ய வேண்டியவை

ஒரே அளவுள்ள இரண்டு மூன்றை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். 8×42-ஐ 10×42-உடன் ஒப்பிட்டால் பெரிதாகத் தெரிவதே தெளிவாகத் தெரிவதாக மனம் ஏமாறும். லென்ஸில் விரல்ரேகை இருந்தால் முதலில் துடைக்கச் சொல்லுங்கள். அழுக்கு லென்ஸ் எந்த நல்ல பைனாகுலரையும் தோற்கடிக்கும்.

ஒவ்வொன்றையும் உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யாமல் ஒப்பிடுவதில் பயனில்லை. குழல்களை மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் வரை கொண்டுவாருங்கள். பிறகு வலது முன் லென்ஸைக் கையால் மறைத்து, இரு கண்ணையும் திறந்தபடியே, தொலைவில் உள்ள ஒரு எழுத்தை நடுச் சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். இப்போது இடதை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது ஐபீஸில் உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நினைவில் வையுங்கள். சில மாடல்களில் வளையம் வேறு இடத்தில் இருக்கும். அங்கே கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி ஐபீஸைப் பாருங்கள். இரண்டு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் இருந்தால், பேக்-4 என்ற தரமான பிரிஸக் கண்ணாடிக்குப் பதில் மலிவானதைப் போட்டிருக்கிறார்கள் அல்லது உள்ளே ஏதோ ஒளியை மறைக்கிறது.

2. முன் லென்ஸில் ஒரு விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பச்சை, ஊதா போன்ற மங்கிய நிறங்களில் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைப் பிரதிபலிப்பு தெரிந்தால் அந்தப் பரப்பு மட்டும் பூச்சின்றி விடப்பட்டிருக்கிறது.

3. கிடைமட்டமான கோடு ஒன்றை, கூரை விளிம்போ மின்கம்பியோ, நோக்கிப் பிடித்து, பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுங்கள். இரு வட்டத்திலும் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலும் மற்றதில் கீழும் இருந்தால் குழல்கள் நேராக இல்லை. இதை இன்னொரு வழியிலும் பிடிக்கலாம். கண்ணில் வைத்தபடி சில நொடி கண்ணை மூடித் திறங்கள். ஒரு கணம் இரண்டு உருவம் தெரிந்து பிறகு ஒன்றாகச் சேர்ந்தால் அதே கோளாறுதான். மூளை இழுத்துப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளும், அரை மணியில் தலைவலி வரும். வீட்டில் சரிசெய்யும் வேலை இல்லை இது. அந்தப் பொருளையே மாற்றிக் கேளுங்கள். ஒரே மாடலில் ஒன்று நேராகவும் அடுத்தது கோணலாகவும் வருவது இந்த விலையில் நடக்கிற விஷயம்; சோதித்துப் பார்த்த அதே பெட்டியை வாங்குங்கள், உள்ளேயிருந்து புதிதாக எடுத்து வருவதை அல்ல.

4. ஃபோகஸ் சக்கரத்தை ஒரே விரலால் சுழற்றுங்கள். கடைசிக் கிட்டத்திலிருந்து தொலைவு வரை ஒன்று, ஒன்றரைச் சுற்று வசதியானது. திசை மாற்றும்போது சக்கரம் நகர்ந்தும் படம் நகராமல் ஒரு "லூஸ்" இருந்தால் நிராகரிக்கலாம். பறவையைத் தாண்டிப்போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது எரிச்சலூட்டும். கையுறை போட்டாலும் திரும்புகிறதா என்றும் பாருங்கள், குளிர்காலத்தில் கிரீஸ் இறுகும்.

5. வெளுத்த வானத்துக்கு எதிரே ஒரு கறுத்த கிளையைப் பாருங்கள். விளிம்பில் ஒருபுறம் ஊதாவும் மறுபுறம் பச்சையும் கசியும். நடுவில் இது இல்லாமலும் ஓரத்தில் கொஞ்சமாகவும் இருந்தால் போதும். பறக்கும் பருந்தின் இறகு விளிம்பில் பறவைக்கே இல்லாத நிறத்தை இது சேர்த்துவிடும்.

6. கட்டடத்தின் நிழலில் நின்று, சூரியன் மறைந்திருக்கும் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள இருண்ட பகுதியைப் பாருங்கள். படம் பால் ஊற்றியதுபோல் வெளுத்தால், எதிர் வெயிலில் காலையும் மாலையும் அவதிப்படுவீர்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, ஒரு கணம்கூட, விழித்திரை எரிந்துவிடும்.

7. தரையில் ஒரு இலையை வைத்து, எவ்வளவு பக்கத்தில் நின்றால் அது தெளிகிறது என்று பாருங்கள். எம்5-க்கு 2.5 மீட்டர், எம்7-க்கு 2, டெர்ரா இடிக்கு 1.6. பறவைக்கு இவ்வளவு நெருக்கம் அரிதாகத்தான் தேவைப்படும். பட்டாம்பூச்சி, தும்பி பக்கம் மனம் போகும் என்றால் 2 மீட்டருக்குள் இருப்பதை எடுங்கள்.

இவற்றில் 3, 4 இரண்டில் ஏதாவது ஒன்றில் தோற்றதை மற்றவற்றில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீர் புகாமை பற்றி அதிகம் ஒப்பிட ஒன்றுமில்லை. உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியிருக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வரும்போது உட்புறம் பனிமூட்டம் படியாது. வெளிப்புறக் கண்ணாடியில் படிவதை எந்த வாயுவும் தடுக்காது, அது தானாகப் போகும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்தில் எல்லோரும் சொல்லும் குறை, "தூக்கினால் பறவை காணோம்" என்பது. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடினால் அப்படித்தான் ஆகும். பறவையின் மேல் பதிந்த பார்வையை எடுக்காமல், முகத்தையும் அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பறவை இருக்கும் கிளையின் முறிவு, வெளுத்த இலை போன்ற ஓர் அடையாளத்தை முன்கூட்டிப் பிடித்துவைத்தால் இன்னும் சுலபம். அசையாத பொருள்களில் ஒருநாள் பழகினால் கை பழகிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் நடுக்கம் குறையும்.

திடீரென்று ஒருநாள் படம் கூர்மையில்லாமல் போனால் பழுதென்று பதற வேண்டாம். பையில் உரசி டயாப்டர் நகர்ந்திருக்கும். முன்பு நினைவில் வைத்த கோட்டுக்குத் திருப்புங்கள்.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பதுதான் பூச்சைக் கெடுக்கும் பெரிய பழக்கம். தூசியில் மணல் துகள் இருக்கும். துடைக்கும்போது அது உப்புத்தாள்போல் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி. கடற்கரையிலிருந்து வந்தால், தண்ணீர் புகாத ரகத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி உப்பை எடுத்துவிட்டுப் பிறகு உலர்த்துங்கள்.

ஈரப்பதம் மிகுந்த இடங்களில் எதிரி பூஞ்சை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்த பைனாகுலரில் சிலந்திவலை போல அது படரும், பூச்சையே அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் உலர்த்தியோ மாற்றியோ போடுங்கள். அதைவிடச் சிறந்த மருந்து வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துச் செல்வது.